கல்லும் கட்டையும் கிடக்கும் மேட்டு நிலத்துக்கு எந்த அளவு மினி டிராக்டர்?

மினி டிராக்டர் வாங்கக் கடைக்குப் போனால் முதலில் கேட்கப்படுவது ‘எத்தனை ஏக்கர் வைத்திருக்கிறீர்கள்?’ என்பதுதான். பாகூர்ப் பக்கத்துக் களிமண் வயலுக்கு அந்தக் கேள்வி பெரும்பாலும் போதும். பண்ருட்டியிலிருந்து காடாம்புலியூரைத் தாண்டி நெய்வேலி வரை நீளும் செம்மண் மேட்டுக்கும், புதுச்சேரிக்கு வடமேற்கே சேதராப்பட்டு, வானூர் பக்கத்துச் சரளை நிலத்துக்கும் அது போதாது. இரண்டு காணி (ஒரு காணி 1.32 ஏக்கர்) முந்திரித் தோப்பு வைத்திருப்பவருக்கு, அதைப்போல் இரண்டு மடங்கு நஞ்சை வைத்திருப்பவருக்கு வேண்டியதைவிடக் கனமான வண்டி தேவைப்படலாம். கல் நிலம் என்று பயந்து 45 குதிரைத்திறன் வண்டியை வாங்கிவிட்டு, அது முந்திரிக் கிளைக்கு அடியில் நுழையாததால் களத்து மேட்டிலேயே நிறுத்தி வைத்திருப்பவர்களும் எங்கள் ஊரில் உண்டு. வாங்குவதற்கு முன் எதை எதை அளக்க வேண்டும் என்பதைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே கீழே எழுதுகிறேன். நான் கற்றுக்கொண்ட வரிசை இதற்கு நேர்த் தலைகீழானது. முதலில் வண்டியை வாங்கினேன், பிறகுதான் நிலத்தை அளந்தேன்.

கடப்பாரையோடு ஒரு காலைப்பொழுது

நல்ல மழை ஒன்று பெய்து இரண்டு மூன்று நாள் கழித்து, மண் ஈரம் இறங்கியிருக்கும்போது, கடப்பாரையும் ஒரு சட்டிச் சுண்ணாம்பும் எடுத்துக்கொண்டு நிலத்துக்குப் போக வேண்டும். பத்தடிக்கு ஒன்றாக நேர்க்கோட்டில் நடந்து, கடப்பாரையை ஒரு முழம் இறங்கும்படி குத்திப் பார்க்க வேண்டும். செம்பராங்கல்லில் பட்டால் ‘டொக்’ என்று மழுங்கிய ஓசை வரும். கருங்கல்லில் பட்டால் ‘ணங்’ என்று கையே அதிரும். வேர்க்கட்டையில் பட்டால் ஓசையே இல்லாமல் நுனி மாட்டிக்கொள்ளும். மூன்றுக்கும் மூன்று விதமான சுண்ணாம்புக் குறி இட்டுக்கொண்டே போனால், ஒரு காணியை ஒரு காலைப்பொழுதில் பார்த்து முடிக்கலாம்.

இதில் வேர்க்கட்டையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல் இந்த மேட்டில் முந்திரியையும் பலாவையும் தோப்புத் தோப்பாகச் சாய்த்தது. விழுந்த மரங்களை அறுத்து எடுத்துக்கொண்டவர்கள் எல்லோரும் அடிக்கட்டையைத் தோண்டி எடுக்கவில்லை. மண் மூடிப்போன அந்தக் கட்டைகள் இன்னும் சில தோப்புகளில் அரையடி ஆழத்தில் காத்திருக்கின்றன. என்னிடம் வண்டி ஓட்டிய தம்பி ஒருமுறை சொன்னது நினைவிருக்கிறது: “கல்லு உடைச்சாலும் நகர்ந்து குடுக்கும்ணே, கட்டை நகராது.”

குறியிட்டு முடித்தபின், தட்டுப்பட்ட கற்களை மூன்றாகப் பிரிக்க வேண்டும். ஓர் ஆள் தூக்கக்கூடியவை முதல் வகை. இரண்டு பேர் கடப்பாரை கொடுத்து நெம்பி உருட்டக்கூடியவை இரண்டாம் வகை. மனித வலுவுக்கு அசையாதவை மூன்றாம் வகை. மூன்றாம் வகைக் கல்லை மனத்தில் வைத்து டிராக்டரின் அளவை முடிவு செய்யக் கூடாது. அந்த வேலை ஒருமுறை வருவது. அதற்கு ஜேசிபியை மணிக்கணக்கில் வாடகைக்கு அமர்த்தலாம், அல்லது வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை இயந்திரத்துக்கு உழவன் செயலியில் பதிவு செய்யலாம். ஆண்டுதோறும் நீங்கள் செய்யப்போகும் வேலைக்கு மட்டுமே சொந்த வண்டி. திட்டக்குடி, வேப்பூர்ப் பக்கம் மேற்கே போகப் போக நிலத்துக்கு அடியில் கருங்கற்பாறையே வந்துவிடும். அங்கே பாறை மேலெழும் இடத்தை வேலி போட்டு ஒதுக்கி, ஆட்டுக்கு விடுவதுதான் சிக்கனம்.

குதிரைத்திறன் அல்ல, எடை

மினி டிராக்டர் விளம்பரங்கள் எல்லாம் குதிரைத்திறனைப் பெரிய எழுத்தில் போடுகின்றன. வண்டியின் எடையை அட்டவணையின் கடைசி வரியில் போடுகின்றன. கல் நிலத்துக்கு அந்தக் கடைசி வரிதான் முதலில் படிக்க வேண்டியது. ஏன் என்பதை ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் விளங்கும்.

ஈரம் உள்ள செம்மண்ணில் அரையடிக்குச் சற்றுக் குறைவான ஆழத்தில் ஓடும் கொத்துக் கலப்பை (கல்டிவேட்டர்), ஒரு கொத்துக்கு, அதாவது மண்ணைக் கீறும் ஒரு பல்லுக்கு, ஏறத்தாழ 60 முதல் 70 கிலோ இழுவை கேட்கும். ஐந்து கொத்துக்கு 350 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இழுவையைக் கிலோவிலும் வேகத்தை மணிக்குக் கிலோமீட்டரிலும் பெருக்கி 270-ஆல் வகுத்தால், அந்த வேலைக்கு வேண்டிய குதிரைத்திறன் கிடைக்கும். மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் 350 கிலோவை இழுக்க 5 குதிரைத்திறனுக்குச் சற்று மேல்தான் வருகிறது. சக்கரம் வழுக்குவது, மண்ணில் புதைந்து உருள்வது, பல்சக்கரங்களில் வீணாவது ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்து அதை இரட்டிப்பாக்கினாலும் 11 குதிரைத்திறன். ஆகவே 15 குதிரைத்திறன் வண்டியே போதும் என்று காகிதம் சொல்லும்.

நிலம் அப்படிச் சொல்லாது. உழவு மண்ணில் ஒரு டிராக்டர், தன் இயங்கு சக்கரங்களின்மேல் இறங்கும் எடையில் ஏறக்குறைய பாதியளவைத்தான் தொடர்ந்து இழுக்க முடியும். அதற்கு மேல் இழுக்கச் சொன்னால் எஞ்சின் திணறாது, சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி தோண்டும். 850 கிலோ எடையுள்ள டூ வீல் டிரைவ் வண்டியில் பின்சக்கரத்தின்மேல் இறங்குவது சுமார் 550 கிலோ. அதன் பாதி 275 கிலோ. ஐந்து கொத்து கேட்பது 350. இந்த வித்தியாசத்தில்தான் நான் 2016-இல் ஏமாந்தேன். பழைய 18 குதிரைத்திறன் டூ வீல் வண்டி ஒன்றை, ‘எஞ்சின் சிங்கம் மாதிரி’ என்ற பேச்சைக் கேட்டு வாங்கினேன். எஞ்சின் உண்மையிலேயே சிங்கம்தான். ஆனால் முதல் நாள் உழவிலேயே பின்டயர் இரண்டும் சரளையை வாரி வாரிப் பின்னால் இறைத்தன, வண்டி அங்குலம் அங்குலமாகத்தான் நகர்ந்தது. இரண்டு கொத்தைக் கழற்றி மூன்று கொத்தோடு ஓட்டியபிறகுதான் வரிசை முடிந்தது.

ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் மொத்த எடையும் இயங்கு சக்கரங்களின்மேல் இருப்பதால், 700 கிலோ வண்டியே 350 கிலோவைத் தொட்டுவிடுகிறது. மேட்டு நிலத்துக்கு மினி டிராக்டர் வாங்குகிறவர் ஃபோர் வீல் டிரைவை ஆடம்பரம் என்று ஒதுக்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம். இன்னொன்றும் உண்டு: முன்சக்கரமும் இழுப்பதால், கல்லில் முட்டும் முன்டயர் அதன்மேல் ஏறிவிடுகிறது, டூ வீலில் அது கல்லைத் தள்ளிக்கொண்டே போகும்.

எடை குறைந்த வண்டிக்குக் கூடுதல் எடை ஏற்றலாம். பின்டயரில், வால்வு மேலே இருக்கும்படி நிறுத்தி, வால்வு மட்டம் வரை, அதாவது முக்கால் அளவுக்குத் தண்ணீர் நிரப்புவது பழைய வழி. மினி டிராக்டரின் பின்டயர் ஒன்றுக்குச் சுமார் 50 லிட்டர் பிடிக்கும். இரண்டுக்கும் சேர்த்து நூறு கிலோ, அதுவும் தரையை ஒட்டிய உயரத்தில் கூடுவதால் வண்டி நிதானமாக நிற்கும். பாதிக் கணக்கின்படி இது 50 கிலோ இழுவையை, அதாவது ஒரு கொத்துக்கு வேண்டியதைவிடச் சற்றுக் குறைவாக, கூட்டும். 18 குதிரைத்திறன் வண்டியை 28 ஆக்கிவிடாது.

இதே கணக்கின்படி ஒன்பது கொத்து ஏறத்தாழ 600 கிலோ இழுவை கேட்கும். இரண்டு டன்னுக்கு அருகில் நிற்கும் 45 குதிரைத்திறன் வண்டிக்குத்தான் அது வேலை.

மரத்தடியில் எவ்வளவு உயரம்?

அகலத்தை எல்லோரும் கேட்கிறார்கள், உயரத்தை யாரும் கேட்பதில்லை. முந்திரியும் பலாவும் 7 மீட்டர், 8 மீட்டர் இடைவெளியில் நிற்பவை. எந்த வண்டியும் வரிசைக்குள் போய்விடும். தடுப்பது தரையை நோக்கித் தாழும் முந்திரிக் கிளைகள். மாசி, பங்குனியில், கொட்டை உதிர்வதற்குமுன் மரத்தடியைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். அப்போது கிளை ஓட்டுநரின் முகத்துக்கு நேரே வரும். உங்கள் தோப்பில் கிளை தாழ்ந்த பத்து மரங்களைத் தேர்ந்தெடுத்து, கிளைக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை ஒரு குச்சியில் குறித்துக்கொண்டு, அதே குச்சியைக் கடைக்கு எடுத்துப் போய் ஸ்டியரிங், புகைக்குழாய், இருக்கை ஆகிய மூன்றுக்கும் நேரே நிறுத்திப் பாருங்கள். புகைக்குழாய் மேல்நோக்கி நிற்கிறதா, பக்கவாட்டில் தாழ்ந்து போகிறதா என்பது இங்கே பெரிய வேறுபாடு. வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டகம் உள்ள வண்டியானால் அது மடக்கக்கூடியதா என்று கேளுங்கள். மரத்தடியை விட்டு வெளியே வந்ததும் திரும்ப நிமிர்த்த வேண்டும் என்பதை ஓட்டுபவரிடமும் சொல்லிவையுங்கள்.

டயரும் வண்டியின் அடிவயிறும்

கல் நிலத்தில் டயர் கிழிவது பெரும்பாலும் தரையில் படும் பகுதியில் அல்ல, பக்கச் சுவரில். வெட்டிய முந்திரிக் கொம்பின் சாய்ந்த நுனி, உளி போலப் பக்கவாட்டில் ஏறிவிடும். ஒட்டுப் போட்டாலும் நிற்காது. ஆகவே பிளை (டயருக்குள் இருக்கும் வலு அடுக்கு) எண்ணிக்கை கூடிய டயராகக் கேட்டு வாங்க வேண்டும். டயரின் விட்டமும் முக்கியம்: 18 அங்குல ரிம்மைவிட 20 அங்குலமும், அதைவிட 24 அங்குலமும் கல்லின்மேல் எளிதாக ஏறும். ஒரே குதிரைத்திறனில் இரண்டு வண்டிகள் இருந்தால், பெரிய சக்கரம் உள்ளதையே கல் நிலத்துக்கு எடுக்கச் சொல்வேன். காற்றை அதிகமாக அடித்து வைத்தால் டயர் கல்லில் துள்ளும், பிடிப்பும் குறையும்; குறைவாக வைத்தால் ரிம் வளையும். கையேட்டில் உள்ள அளவை வாரம் ஒருமுறை மானி வைத்துப் பார்ப்பதைவிடச் சிறந்த வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது அடிவயிறு. விற்பனைத் தாளில் தரை இடைவெளி என்று ஓர் எண் இருக்கும். அது வண்டியின் மிகத் தாழ்ந்த புள்ளிக்கு உரியது. அந்தப் புள்ளி எது என்பதையும் கேட்க வேண்டும். ஃபோர் வீல் வண்டியில் முன்அச்சுக்குப் போகும் தண்டு நடுவயிற்றின் வழியே ஓடுகிறது. எண்ணெய் வடிக்கும் திருகும் அங்கேதான் எங்காவது இருக்கும். கடைத் தரையில் ஒரு சாக்கை விரித்துப் படுத்து அடியில் பார்ப்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. தண்டுக்கும் திருகுக்கும் முன்னால் கனமான இரும்புத் தகடு போட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். தகட்டைப் போல்ட் வைத்து மாட்ட வேண்டும். வண்டியின் உடலோடு வெல்டிங் செய்தால் உத்தரவாதம் போய்விடலாம்.

வண்டியைவிடக் கலப்பை முதலில்

உண்மையில் கலப்பையை முடிவு செய்துவிட்டு, அதை இழுக்கும் வண்டியைத் தேடுவதுதான் முறை. இப்போது எல்லோரும் விரும்புவது ரோட்டவேட்டர். கல் பொறுக்காத நிலத்துக்கு அது கூடவே கூடாது. நிமிடத்துக்கு 540 சுற்று என்ற பி.டி.ஓ. (எஞ்சின் வலுவைக் கருவிக்குக் கொடுக்கும் சுழல்தண்டு) வேகத்திலிருந்து வலுவை எடுத்துக்கொண்டு சுழலும் கத்தி, கல்லில் பட்டால் முனை மழுங்கும், போல்ட் அறுபடும். கட்டையில் பட்டால் அதிர்ச்சி கத்தியோடு நிற்காமல் கியர் பெட்டிவரை போகும். இரண்டு ஆண்டு கல் பொறுக்கி, கடப்பாரை எங்கும் சத்தமில்லாமல் இறங்கும் பகுதிக்கு மட்டும் ரோட்டவேட்டரை விடலாம். அப்போதும் 24 குதிரைத்திறன் வண்டிக்கு மூன்றடி, மூன்றரையடி அகலமே அளவு. ரோட்டவேட்டரின் அகலம் பின்டயர்களின் வெளி அகலத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டயர் மிதித்த தடம் உழப்படாமல் கிடக்கும்.

கல் நிலத்தின் முதல் உழவுக்கு ஏற்றது ஸ்பிரிங் வைத்த ஐந்து கொத்துக் கலப்பை. கொத்து கல்லில் மாட்டினால் ஸ்பிரிங் விரிந்து, பின்னால் மடங்கி, கல்லைத் தாண்டியபின் மீண்டும் தன் இடத்துக்கு வரும். ஸ்பிரிங் இல்லாத கலப்பையில் அதே கல், கொத்தையோ சட்டத்தையோ வளைத்துவிடும். வேர்க்கட்டை மிகுந்த தோப்புக்கு, சுழலும் வட்டத் தட்டுகள் கொண்ட சட்டிக் கலப்பை இன்னும் நல்லது. சட்டி சுழல்வதால் கட்டையின்மேல் ஏறி இறங்கிவிடும். ஆனால் அது தன் எடையால்தான் மண்ணில் இறங்குகிறது. இறங்கும் அளவுக்குக் கனமான சட்டிக் கலப்பையை மினி டிராக்டரின் ஹைட்ராலிக் தூக்கத் திணறும். அந்த உழவை ஆண்டுக்கு ஒருமுறை பெரிய வண்டி வைத்திருப்பவரிடம் வாடகைக்கு விட்டுவிடுவது என் வழக்கம்.

கல்லைத் தூக்குவதும் இழுப்பதும்

கல்லின் எடையைக் கண்ணால் மதிப்பிடும்போது எல்லோருக்கும் தவறுகிறது. ஓரடிக்கு ஓரடிக்கு ஓரடி கருங்கல் சுமார் 75 கிலோ. இரண்டடிக்கு இரண்டடிக்கு இரண்டடி கல், பார்வைக்கு இரண்டு மடங்காகத் தெரிந்தாலும், எடையில் எட்டு மடங்கு, 600 கிலோ. செம்பராங்கல் அதைவிடக் குறைவு என்றாலும், ஈரத்தோடு ஒரு கன அடி 60 கிலோவுக்குக் குறையாது. மினி டிராக்டர்களில் பலவற்றின் ஹைட்ராலிக் 750 கிலோ தூக்கும் என்று எழுதியிருப்பார்கள். அது ஹைட்ராலிக் கைகளின் நுனியில் தூக்கும் அளவு. கல் ஏற்றும் பெட்டியை மாட்டினால் சுமையின் மையம் இன்னும் இரண்டடி பின்னுக்குப் போகும். தூக்கும் வலு அங்கே கணிசமாகக் குறைந்துவிடும், முன்சக்கரமும் தரையை விட்டு எழப் பார்க்கும். எழுதியிருக்கும் அளவில் பாதியைத்தான் கல் வேலைக்கு நம்ப வேண்டும். ஆகவே முதல் இரண்டு வகைக் கற்கள் மினி டிராக்டருக்கு உரியவை, மூன்றாவது அல்ல.

தூக்குவதைவிட இழுப்பது எளிது. பழைய கனத் தகட்டின் முன்விளிம்பை மேல்நோக்கி வளைத்து, அதன்மேல் கல்லை உருட்டி ஏற்றி, தரையோடு இழுத்துப் போய் வரப்போரம் கொட்டலாம். இங்கேதான் ஆளைக் கொல்லும் தவறு ஒன்று நடக்கிறது. சங்கிலியை டாப் லிங்க் (கலப்பையின் மேல்பக்கத்தை வண்டியோடு பிணைக்கும் தண்டு) மாட்டும் இடத்திலோ பின்அச்சின்மீதோ கட்டி, அசையாத கல்லையோ கட்டையையோ இழுத்தால், சக்கரம் முன்னே போக முடியாமல், வண்டி பின்அச்சைச் சுற்றி எழுந்து ஓட்டுநரின்மேல் மல்லாந்து விழும். சுதாரித்துக்கொள்ள இரண்டு நொடிகூடக் கிடைக்காது. சங்கிலி எப்போதும் பின்அச்சுக்குக் கீழே உள்ள டிராபாரில்தான் (இழுப்பதற்கென்றே உள்ள சட்டத்தில்) மாட்டப்பட வேண்டும். தாழ்ந்த கியரில், கிளட்சைச் சட்டென்று விடாமல் இழுக்க வேண்டும். ஒரு இழுப்பில் அசையாவிட்டால் இறங்கிச் சுற்றிலும் தோண்ட வேண்டும்.

அப்படியானால் எந்த அளவு?

காய்கறிப் பாத்தியும் மருந்தடிப்பும் மட்டும் உள்ள, கல் பொறுக்கி முடித்த ஓரிரு ஏக்கருக்கு ஸ்வராஜ் 717 போன்ற 15 குதிரைத்திறன் டூ வீல் வண்டி போதும். அதைக் கல் மேட்டில் ஏற்ற வேண்டாம். மூன்று முதல் எட்டு ஏக்கர் வரை, முதல் இரண்டு வகைக் கற்கள் கலந்த முந்திரி, பலாத் தோப்புக்கு 24 முதல் 28 குதிரைத்திறன் ஃபோர் வீல் டிரைவ்தான் என் பரிந்துரை. மஹிந்திரா ஜீவோ 245, குபோட்டா பி2441, பி2741 ஆகியவை இந்த வரிசையில் வருகின்றன. 24-க்கும் 27-க்கும் இடையே உள்ள மூன்று குதிரைத்திறனைவிட, எடை, டயர், அடிவயிறு ஆகியவற்றில் உள்ள வேறுபாட்டைப் பார்த்து அவற்றில் தேர்ந்தெடுங்கள். டிரெய்லரில் மணலும் கல்லும் ஏற்றிச் சாலையில் போகும் வேலையே முதன்மையானது என்றால், தோப்பைப் பெரிதாக எண்ணாமல் 35-க்கு மேலே போய்விடலாம். ஏற்றிய டிரெய்லரை இழுப்பதைவிட, சரிவில் அதை நிறுத்துவதற்குத்தான் வண்டியின் எடை வேண்டும். மண்ணரிப்பால் ஓடை விழுந்த விளிம்புகள் உள்ள நிலத்தில், எந்த வண்டியானாலும் விளிம்பிலிருந்து ஓடையின் ஆழத்துக்குக் குறையாத தூரம் தள்ளியே ஓட்ட வேண்டும்.

டீசல் கணக்கையும் மறக்க வேண்டாம். 24 குதிரைத்திறன் வண்டி சாதாரண உழவில் மணிக்கு இரண்டு, இரண்டரை லிட்டரில் முடிக்கும். 45-இல் அது நான்கைத் தாண்டும்.

கையெழுத்துப் போடுமுன்

மத்தியப் பிரதேசத்தில் உள்ள புத்னி பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் பரிசோதனை நிலையத்தின் சோதனை அறிக்கையைக் கடைக்காரரிடம் கேளுங்கள். உண்மையான பி.டி.ஓ. வலு, எடை, இழுவை, தூக்கும் திறன் ஆகியவை விளம்பரத் தாளில் உள்ளபடி இல்லாமல் அளந்தபடி அதில் இருக்கும். மானியம் வேண்டுமென்றால் முதலில் விண்ணப்பம், அனுமதி, பிறகு கொள்முதல். வாங்கிவிட்டு விண்ணப்பித்தால் கிடைக்காது. வீடு புதுச்சேரியிலும் நிலம் கடலூர் அல்லது விழுப்புரம் மாவட்டத்திலுமாக இருப்பவர்கள் இங்கே ஏராளம். சிட்டாவும் அடங்கலும் எந்த அரசின் கீழ் வருகின்றனவோ அங்கேதான் கேட்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாக இறங்கியிருப்பதால், அதற்கு முந்தைய விலைப்பட்டியலை வைத்துப் பேசாதீர்கள்.

கடைசியாக, வண்டியை உங்கள் நிலத்துக்கே கொண்டுவரச் சொல்லி, நீங்கள் வாங்கப்போகும் கலப்பையையே மாட்டி ஓட்டிப் பாருங்கள். பின்டயரில் சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டு, கலப்பையைத் தூக்கியபடி சக்கரம் பத்துச் சுற்று சுற்றும் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். 28 மீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பிறகு கலப்பையை முழு ஆழத்துக்கு இறக்கி, அதே பத்துச் சுற்றை அளங்கள். 24 மீட்டர் வந்தால் வழுக்கல் 14 விழுக்காடு. அந்த வண்டி உங்கள் நிலத்துக்குத் தாங்கும். 21 மீட்டர்தான் வந்தது என்றால் கால்பங்கு டீசல் மண்ணைக் கிளறுவதிலேயே போகிறது. ஒரு கொத்தைக் கழற்றிவிட்டு மறுபடி அளங்கள், அப்போதும் தேறாவிட்டால் கனமான வண்டியைக் கேளுங்கள். இந்தச் சோதனையைச் சாலையோரத்து இளகிய மண்ணில் செய்து காட்டத்தான் வண்டி கொண்டுவருபவர் விரும்புவார். நீங்கள் சுண்ணாம்புக் குறி அதிகம் விழுந்த மூலைக்கு அவரை அழைத்துப் போங்கள்.